குதிரைவலு: மின்மோட்டரின் வலுவை அளந்த வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

'மூலதனம்' முதலாம் பாகத்திலே இயந்திரமும் நவீன தொழிலும் பற்றிய அதிகாரத்தைக் கற்போர், அதன் அடிக்குறிப்புகளுள் ஒன்றை எளிதிற் கடந்து சென்றுவிடுதல் கூடும். மார்க்ஸ் மறைந்த பின்னர் எங்கெல்ஸ் சேர்த்த குறிப்பு அது. நிமிடமொன்றில் 33,000 இறாத்தலை ஓரடி உயர்த்தும் வலுவே ஒரு குதிரைவலு என்று கூறி, நூலிலே கருதப்படுவது அதுவே எனத் தெளிவுபடுத்திவிட்டு, வழக்கிலிருந்த 'பெயரளவுக் குதிரைவலு' என்பது இதனின்றும் வேறானது என்று அவர் விளக்குகிறார். பெயரளவு வலு உருளையின் விட்டத்தையும் ஆடுதண்டின் நகர்ச்சியையும் மாத்திரம் கொண்டு கணிக்கப்பட்டது. நீராவியின் அழுத்தமும் ஆடுதண்டின் வேகமும் அக்கணிப்பில் இடம்பெறவில்லை. ஆகவே '50 குதிரைவலு' எனப் பெயர்பெற்ற இயந்திரம், போல்ற்றன்-வாட் காலத்து அழுத்தத்திலும் வேகத்திலும் ஓடினால் மாத்திரமே 50 குதிரைகளுக்கு ஈடாகும். எங்கெல்ஸ் எழுதிய காலத்திலோ அவையிரண்டும் பன்மடங்கு பெருகியிருந்தன.

மன்செஸ்ரர் நகரத்து நூல் நூற்பு நிறுவனமொன்றில் இருபது ஆண்டளவு பணிபுரிந்தவர் எங்கெல்ஸ். இயந்திரத்தின் பெயருக்கும் அதன் செயலுக்கும் இடையிலுள்ள தூரம் அவருக்குப் புத்தக அறிவு அன்று. அத்தூரம் எவ்வாறு தோன்றியது, மின்மோட்டர் வந்தபின் அது குறைந்ததா, வேறு வடிவம் எடுத்ததா என்பனவே இக்கட்டுரையிலே நாம் ஆராய முற்படுபவை. இலக்கிய ஆய்வாளர் பொறியியலில் ஏன் தலையிட வேண்டும் என்று வினவுவோர் இருக்கலாம். ஒரு சொல்லின் பொருள் எவ்வாறு உருவாகிறது, யாருடைய தேவைக்காக மாறுகிறது என்று பார்ப்பது எமது தொழில். 'வலு' என்பதும் ஒரு சொல்லே.

வலுவை அளக்கும் முயற்சி நிலத்தடியிலே தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீர் இறைக்க நியூகொமன் இயந்திரம் பயன்பட்டது. ஜேம்ஸ் வாட் அதனைத் திருத்தியமைத்தபோது, அவரும் அவருடைய பங்காளியாகிய மத்தியூ போல்ற்றனும் கோர்ண்வாலின் சுரங்க முதலாளிகளுக்கு இயந்திரத்தை வெறுமனே விற்கவில்லை. பழைய இயந்திரத்தோடு ஒப்பிடுகையில் மிச்சப்படும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கை ஆண்டுதோறும் தமக்குத் தரவேண்டுமென்று ஒப்பந்தம் செய்தனர். மிச்சம் எவ்வளவு என்பதை அறிய வேலை எவ்வளவு என்பதை அறிதல் வேண்டும். எனவே இயந்திரத்தின் வளை எத்தனை முறை அசைந்தது என்று எண்ணும் கருவியொன்று பூட்டிய பெட்டிக்குள் வைத்துப் பொருத்தப்பட்டது. பூட்டு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒருவரையொருவர் நம்பாத இரு தரப்பினருக்கு நடுவே வைக்கப்பட்ட அளவை அது.

நீர் இறைப்பதோடு நில்லாது சக்கரங்களைச் சுழற்றவும் நீராவி இயந்திரம் தகுதிபெற்றபோது புதிய சிக்கல் எழுந்தது. ஆலைகளிலும் மதுவடி சாலைகளிலும் அது இடம்பெயர்க்க வந்தது நியூகொமன் இயந்திரத்தை அன்று, குதிரையை. ஆகவே மிச்சத்தைக் கணிக்கக் குதிரை எவ்வளவு வேலை செய்யும் என்பது தெரியவேண்டும். 24 அடி விட்டமுள்ள வட்டப்பாதையில் மணிக்கு 144 முறை சுற்றும் குதிரை, ஏறத்தாழ 180 இறாத்தல் விசையோடு இழுக்கிறது என்று கொண்டு, 1782 அளவில் வாட் கணக்கிட்டார். அடுத்த ஆண்டு அது 33,000 அடி-இறாத்தலாகச் சீர்செய்யப்பட்டது. ஒரு குதிரைக்கு ஆண்டொன்றுக்கு 5 பவுண் உரிமைக்கட்டணம். இலண்டனில் 6 பவுண்.

இந்த எண் இயற்கை தந்ததன்று. டெசகுலியர்ஸ் என்பவர் முன்னரே ஒரு குதிரைக்கு 44,000 என்றிருந்தார். ஸ்மீற்றன் 22,916 என்றார். ஒரே விலங்கின் வலு இருவர் கணக்கில் ஏறத்தாழ இரு மடங்கு வேறுபடுகிறது. நாள்முழுதும் உழைக்கும் சாதாரணக் குதிரைக்கு வாட்டின் எண் சற்று மிகையே என்பது பலரும் ஒப்பும் கருத்து. கொள்வோர் 'நாம் வாங்கிய இயந்திரம் சொன்ன குதிரைகளுக்கு ஈடாகவில்லை' என்று முறையிட இடமின்றிப் போகும் வகையில் அம்மிகை அமைந்தது. இன்று நம் பாடநூல்கள் 'உவாற்று' என்று எழுதும் அலகு இவருடைய பெயரே. பிரித்தானியக் குதிரைவலு ஒன்று 746 உவாற்று. கட்டணப் பட்டியலிற் பிறந்த எண் பௌதிகத்தின் அலகு அட்டவணையில் அமர்ந்த கதை இது.

வாட்டின் காப்புரிமை 1800இல் முடிவுற்றது. 1811 முதல் கோர்ண்வாலில் ஜோயல் லீன் என்பார் அங்குள்ள நீரிறைக்கும் இயந்திரங்களின் செயலை மாதந்தோறும் வெளியிடலானார். குறித்த அளவு நிலக்கரியைக் கொண்டு எத்தனை இறாத்தல் நீர் ஓரடி உயர்த்தப்பட்டது என்பதே அங்கு அளவை. இதனை 'கடமை' என்று பொருள்படும் சொல்லாலேயே அக்காலப் பொறியியலாளர் வழங்கினர். முதலாளித்துவம் தன் இயந்திரங்களுக்கும் கடமையுணர்ச்சியை ஊட்டிற்று என்று இதனை நகைச்சுவையாகச் சொல்லலாம். ஆனால் ஆழமான ஒன்று இதிலுண்டு. காற்று, நீர், குதிரை, மனிதன், நீராவி ஆகிய வெவ்வேறு இயக்கிகள் யாவும் 'எவ்வளவு பாரத்தை எவ்வளவு உயர்த்தும்' என்ற ஒரே கேள்விக்கு விடையளிக்கும்படி செய்யப்பட்டன. பண்டங்கள் யாவும் பொன்னிலே தம் பெறுமதியைக் காண்பது போல, இயக்கிகள் யாவும் உயர்த்தப்பட்ட பாரத்திலே தம் வலுவைக் கண்டன. பொதுச் சமவலு வடிவம் என்று மார்க்ஸ் கூறியதற்கு இது ஓர் உவமை மாத்திரமே. இரண்டும் ஒன்றென நாம் சாதிக்க வரவில்லை.

பிரான்சிலே இக்கேள்வி வேறு பக்கத்திலிருந்து எழுந்தது. மின்விசை விதியால் பெயர்பெற்ற கூலோம், 1790களின் இறுதியில், மனிதர் தம் நாளாந்த உழைப்பினால் எவ்வளவு வேலையைத் தரமுடியும் என்று ஆராய்ந்தார். படியேறுவோர், சுமை சுமப்போர் ஆகியோரைக் கொண்டு அவர் அறிய விரும்பியது கணநேர உச்சத்தை அன்று. களைப்பு வரம்பு கடவாமல் ஒரு நாளில் பெறத்தக்க மிகப் பெரிய வேலையையே அவர் தேடினார். இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. மின்மோட்டரிடம் வரும்போது அது திரும்பவும் எழும்.

சுழலும் அச்சின் வலுவை நேரடியாக அளக்கும் வழியை 1821இல் பிரோனி கண்டார். அச்சை இரு மரக்கட்டைகளால் இறுகப் பிடிக்கவேண்டும். கட்டைகளோடு பொருத்திய நீண்ட கையின் நுனியிலே நிறைகளைத் தொங்கவிட்டு, கட்டைகள் அச்சோடு சுழன்றுவிடாதபடி சமநிலைப்படுத்தவேண்டும். நிறையையும் கையின் நீளத்தையும் பெருக்க முறுக்கம் கிடைக்கும். சுழற்சி வேகத்தை எண்ண வலு கிடைக்கும். கையின் நீளத்தை 5 அடி 3 அங்குலமாக வைத்துக்கொண்டால், தொங்கும் இறாத்தல்களை நிமிடத்துச் சுற்றுகளாற் பெருக்கி 1,000ஆல் வகுக்கும் விடையே குதிரைவலு. பட்டறைத் தொழிலாளி மனக்கணக்காகச் செய்யக்கூடியது. அச்சு தரும் வலு முழுவதும் உராய்வினால் வெப்பமாகி வீணாகிறது. நீர் ஊற்றிக் கட்டைகளைக் குளிர்விக்க வேண்டும். ஓர் இயந்திரம் எவ்வளவு பயன்படும் என்பதை அறிய அதன் பயன் முழுவதையும் அழித்துப் பார்க்கும் கருவி இது. இன்றுங்கூட, மோட்டரொன்றின் வெளியீடு குறித்துத் தகராறு எழுந்தால், தடுப்பிலே பூட்டி அளப்பதற்கு நிகரான தீர்ப்பு வேறில்லை.

மின்மோட்டர் இச்சூழலிலேதான் பிறந்தது. 1834இல் கோனிக்ஸ்பேர்க்கில் மோரிற்ஸ் ஜாக்கோபி அமைத்த மோட்டர், பத்துப் பன்னிரண்டு இறாத்தலைச் செக்கனுக்கு ஓரடி உயர்த்தியது. ஏறத்தாழ 15 உவாற்று. 1838இல் ரஷ்ய அரசின் ஆதரவோடு அவர் நேவா நதியிலே மின்மோட்டரால் படகோட்டினார். நாகமும் செம்பும் கொண்ட 320 தகட்டுச் சோடிகள் அதற்கு வேண்டியிருந்தன. கிடைத்த வேகம் மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்துக் கொல்லராகிய தோமஸ் டவென்போர்ட் 1837இல் மின்மோட்டருக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முயற்சியும் வணிகமாக வளரவில்லை.

ஏன் வளரவில்லை என்பதற்கு எண்ணளவிலே விடைதந்தவர் மதுவடி சாலை உரிமையாளரின் மகனாகிய ஜேம்ஸ் ஜூல். அவருடைய ஊர் சோல்பேர்ட், மன்செஸ்ரரின் அயல். தொழிற்புரட்சியின் மையத்தில் வளர்ந்த அவ்விளைஞர், நீராவிக்குப் பதிலாக மின்மோட்டரைத் தம் குடும்பத் தொழிலிற் பயன்படுத்தலாமா என்ற கேள்வியோடேயே ஆய்வில் இறங்கினார். முதலில் அவருக்கு எல்லையற்ற நம்பிக்கை இருந்தது. 1841இல் அளந்து முடித்தபோது நம்பிக்கை குலைந்தது. மின்கலத்தில் ஓர் இறாத்தல் நாகம் கரைந்து தரும் வேலையைவிட, சிறந்த கோர்ணிஷ் இயந்திரத்தில் ஓர் இறாத்தல் நிலக்கரி எரிந்து தரும் வேலை ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமெனக் கண்டார். நிலக்கரிக்கு அவர் கொண்ட எண் 15 இலட்சம் அடி-இறாத்தல். கோர்ண்வாலின் 'கடமை'க் கணக்குகள் இல்லையேல் இந்த ஒப்பீடு சாத்தியமாகியிராது. நாகமோ நிலக்கரியைவிடப் பன்மடங்கு விலையுயர்ந்தது. மின்காந்தக் கவர்ச்சி சிக்கனமான இயக்கியாக வெற்றிபெறுமென்ற நம்பிக்கை தமக்கு அநேகமாக அற்றுவிட்டது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஜூலின் அளவு பிழையன்று. அந்த ஏமாற்றத்தின் வழியே சென்றுதான் அவர் 1843இல் வெப்பத்தின் பொறிமுறைச் சமவலுவை அடைந்தார் என்பதையும் மறத்தலாகாது. ஆனால் அவருடைய தீர்ப்பு மின்மோட்டரைப் பற்றியதன்று, மின்கலத்தைப் பற்றியது. மோட்டரை ஊட்டுவது நாகமாகவே என்றும் இருக்கும் என்ற எடுகோள் அதிலே மறைந்து நின்றது. நீராவியினாலோ வீழும் நீரினாலோ மின்னைப் பிறப்பிக்கும் தைனமோ தொழிற்சாலைக்குள் நுழைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1873இல் வியன்னாக் கண்காட்சியிலே கிராமின் இரு இயந்திரங்களைக் கம்பியால் இணைத்து, ஒன்றைத் தைனமோவாகவும் மற்றையதை மோட்டராகவும் ஓட்டிக் காட்டினர். அந்த மோட்டருக்கும் கொடுக்கப்பட்ட வேலை நீரிறைத்தலே.

இனி, இவ்வரலாற்றின் விசித்திரமான பகுதிக்கு வருவோம். மோட்டர் சுழலும்போது அதன் சுருள்களிலேயே எதிர்த்திசையில் ஒரு மின்னியக்க விசை தோன்றும். ஜாக்கோபி இதனை ஆராய்ந்து ஒரு விதியைக் கூறினார். கொடுக்கப்படும் மின்னியக்க விசையின் சரிபாதி அளவுக்கு எதிர்விசை எழும்போது மோட்டர் மிகப் பெரிய வலுவைத் தருகிறது என்பது அவ்விதி. இது கணிதத்தால் நிறுவத்தக்க உண்மை. அந்நிலையில் உள்ளிட்ட வலுவின் பாதி பயனாகிறது, பாதி சுருள்களைச் சூடாக்குவதில் அழிகிறது. இதிலிருந்து பின்வந்தோர் பலர் ஒரு பிழையான முடிவை எடுத்தனர். மின்மோட்டரின் வினைத்திறன் ஒருபோதும் 50 சதவீதத்தை விஞ்சமாட்டாது என்றனர். 1880கள் வரையும் பொறியியலாளர் மத்தியில் இந்நம்பிக்கை நிலவியது. சில்வானஸ் தொம்சன் தைனமோ பற்றிய தம் நூலிலே இதனைத் தவறென விளக்கவேண்டியிருந்தது.

தவறு எங்கே? வினைத்திறன் என்பது எதிர்விசைக்கும் கொடுத்த விசைக்கும் உள்ள விகிதம். எதிர்விசை ஒன்பது பங்கும் கொடுத்த விசை பத்துப் பங்குமாயின் வினைத்திறன் 90 சதவீதம். அப்போது கிடைக்கும் வலு உச்ச வலுவின் 36 சதவீதமே. எனவே குறைந்த எரிபொருளில் வேலை பெற விரும்புவோர், உச்ச வலுவுக்கு வெகுகீழே ஓட்டத்தக்க பெரிய மோட்டரை வாங்கவேண்டும். சிறிய மோட்டரை உச்சத்தில் ஓட்டினால் இயந்திரம் மலிவு, எரிபொருள் பெருஞ்செலவு. இது பௌதிகம் மாத்திரமன்று. நிலையான மூலதனத்திற்கும் சுழலும் மூலதனத்திற்கும் இடையே முதலாளி செய்யும் தெரிவு. 'அதிக வலு', 'அதிக வினைத்திறன்' ஆகிய இரு வேறு கேள்விகள் ஒன்றாகக் குழப்பப்பட்டபோது, அத்தெரிவு இயற்கை விதியாகத் தோற்றமளித்தது.

நமது மொழியிலும் இக்குழப்பத்தின் சாயலொன்று உண்டு. இலங்கைப் பாடநூல்கள் 'வலு' என்பதைத் தமிழ்நாட்டார் 'திறன்' என்பர். நாம் 'திறன்' என்றும் 'வினைத்திறன்' என்றும் வழங்குவது அவர்களுக்குப் 'பயனுறுதிறன்'. இரு கரைகளின் நூல்களையும் ஒருங்கே கற்கும் மாணவன் ஜாக்கோபி விதியைப் படிக்கையில், உச்சத் திறன் எது, உச்ச வலு எது என்று மயங்குவானாயின் அவனைக் குறைகூறல் தகாது. கலைச்சொல்லாக்கம் வெறும் அகராதி வேலையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1882இலே மூனிச் நகர மின்னியற் கண்காட்சியில் மார்செல் தெப்ரே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், 57 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மீஸ்பாக்கிலிருந்து சாதாரணத் தந்திக் கம்பி வழியாக மின்வலுவை அனுப்பினார். மூனிச்சிலிருந்த மோட்டர் நீரிறைக்கும் பொறியொன்றை ஓட்டி, செயற்கை நீர்வீழ்ச்சியொன்றை உண்டாக்கியது. அனுப்பிய வலுவில் ஏறத்தாழக் காற்பங்கே வந்துசேர்ந்தது. சிக்கன நோக்கிலே இது படுதோல்வி என்று சொன்னவர்கள் இருந்தனர். அவர்கள் கூற்றிலே எண்ணளவில் பிழையில்லை.

அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி, நோயுற்றிருந்த மார்க்ஸ் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்திலே, மூனிச் பரிசோதனை பற்றி அவருடைய கருத்தைக் கேட்கிறார். தெப்ரேயின் எழுத்துக்களைப் பெற்றுத் தருவதாக மருமகன் லொங்கே வாக்களித்து ஓராண்டளவு ஆகிவிட்டதென்றும் குறைப்படுகிறார். 1883 பெப்ரவரி இறுதியிலே, மார்க்ஸ் மறைவதற்கு இரு வாரங்களுக்கு முன், எங்கெல்ஸ் பேர்ண்ஸ்ரைனுக்கு எழுதிய கடிதத்தில் அக்கேள்விக்கு விடைபோன்ற ஒன்று கிடைக்கிறது. தொலைவிடத்து நீர்வலுவையும் பயன்படுத்த இது வழிசெய்யும், தொழிலை இட எல்லைகளிலிருந்து விடுவிக்கும், தொடக்கத்தில் நகரங்களுக்கே நன்மை செய்தாலும் ஈற்றில் நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்ள முரண்பாட்டை ஒழிக்கும் வலிமை மிக்க நெம்புகோலாகும் என்பது அவர் கருத்து.

ஜூலையும் எங்கெல்சையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. ஜூலின் கையில் செம்மையான அளவு இருந்தது. அதைக் கொண்டு அவர் மின்மோட்டரின் எதிர்காலத்தை மறுத்தார். எங்கெல்ஸ் முன்னிருந்ததோ காற்பங்கு மாத்திரமே தேறிய ஒரு பரிசோதனை. மின்னழுத்தம் உயர உயர இழப்புக் குறையும் என்ற உறவை நோக்கியே அவர் எதிர்காலத்தைக் கண்டார். எண்ணைத் தனித்து நிற்கும் பொருளாகக் கொள்வதற்கும், மாறிவரும் உறவுகளின் ஒரு கணமாகக் கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. எனினும் எங்கெல்சின் எதிர்பார்ப்பு முழுதும் நிறைவேறியதென்று நாம் சொல்லமாட்டோம். மின்கம்பி நாட்டுப்புறத்தை அடைந்தது. முரண்பாடு அதனால் மாத்திரம் ஒழியவில்லை.

தெப்ரேயின் அடுத்த பெரும் முயற்சி 1885-86இல் கிரேயிலிலிருந்து பாரிஸ் வரையான 56 கிலோமீற்றர்ப் பாதையில் நடைபெற்றது. ரொத்ஸ்சைல்ட் வங்கிக் குடும்பம் அதற்குப் பணம் தந்தது. ஏறத்தாழ 45 சதவீதம் தேறியது. அக்கால விவாதங்களிலே 'மின் வினைத்திறன்', 'பொறிமுறை வினைத்திறன்' என இரு கணக்குகள் வழங்கின. முன்னையது மின்னியக்க விசைகளின் விகிதம், எப்போதும் பெரியது. பின்னையது தடுப்பிலே அளந்த வலுவின் விகிதம், எப்போதும் சிறியது. எக்கணக்கை யார் எடுத்தாள்வது என்பது விற்போர் யார், வாங்குவோர் யார் என்பதைப் பொறுத்திருந்தது. பெயரளவுக் குதிரைவலு மின்னுலகிலே மறுபிறப்பெடுத்தது போன்ற நிலை.

1891இல் பிராங்க்பேர்ட் கண்காட்சியில் இவ்விவாதம் முடிவை நெருங்கியது. நெக்கார் நதிக்கரையிலுள்ள லௌஃபனிலிருந்து 175 கிலோமீற்றர் தூரம் மும்முனை மின்னோட்டம் அனுப்பப்பட்டது. பிராங்க்பேர்ட்டில் 1,000 விளக்குகள் எரிந்தன. டொலிவோ-டொப்ரொவொல்ஸ்கி அமைத்த 100 குதிரைவலு மோட்டர், பத்து மீற்றர் உயர நீர்வீழ்ச்சியொன்றுக்கு நீரை ஏற்றியது. முக்கியமானது யாதெனில், அளக்கும் பொறுப்பு விற்பனையாளரிடமோ புதிதுபுனைந்தோரிடமோ விடப்படவில்லை என்பதே. சூரிச் பேராசிரியர் வேபரின் தலைமையிலான சோதனைக் குழு அளந்தது. ஏறத்தாழ 75 சதவீதம் என்ற முடிவு, வாக்குவாதத்தை விட்டு வழக்கை முதலீட்டாளரிடம் கொண்டுசென்றது.

ஆனால் 100 குதிரைவலு மோட்டரைத் தடுப்பிலே பூட்டி அளப்பது எளிதன்று. ஆயிரம் குதிரைவலுவாயின் அவ்வளவு வெப்பத்தை எங்கே கொட்டுவது? பெரிய இயந்திரங்கள் வந்தபோது, வெளியீட்டை அளக்காமல் மதிப்பிடும் கலை வளர்ந்தது. அயர்ற்றன், பெரி போன்றோர் 1880களின் தொடக்கத்தில் அமைத்த அளவுகருவிகளால் மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் ஊசி காட்டிற்று. உள்ளே செல்வது தெரியும். இழப்புத் தெரிந்தால் வெளிவருவதும் தெரியும். மோட்டரைச் சுமையின்றி ஓடவிட்டால் அது உள்வாங்குவது உராய்வுக்கும் இரும்பின் காந்த இழப்புக்குமே பெரும்பாலும் செலவாகும். சுருளின் தடையைத் தனியே அளந்து, மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் செப்பின் இழப்பு வரும். இவற்றைக் கூட்டிக் கழித்தால் எச்சுமையிலும் வெளியீடு எவ்வளவென்று சொல்லலாம். இம்முறை சுவின்பேர்ண் பெயரால் வழங்குகிறது. ஹொப்கின்சன் சகோதரர் 1886இலே இன்னும் நயமான வழியைக் காட்டினர். ஒத்த இரு இயந்திரங்களை அச்சாலும் கம்பியாலும் பிணைத்து, ஒன்று மோட்டராக மற்றையதைச் சுழற்ற, மற்றையது தைனமோவாக முன்னையதை ஊட்டும்படி செய்தனர். வெளியிலிருந்து கொடுக்கவேண்டியது இழப்பை மாத்திரமே. பெருஞ்சுமையில் ஓடுகின்ற இரு இயந்திரங்களைச் சிறு வலுவால் சோதித்துவிடலாம்.

இரும்பின் காந்த இழப்பை முன்கூட்டிக் கணிக்கும் விதியைத் தந்தவர் சார்ள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ். பிரெஸ்லௌவில் கணிதம் கற்றவர், சோசலிசப் பத்திரிகையோடு தொடர்புடையவர். பிஸ்மார்க்கின் சோசலிச எதிர்ப்புச் சட்டத்துக்கு அஞ்சி 1888இல் நாட்டைவிட்டு வெளியேறி, அடுத்த ஆண்டு அமெரிக்கா அடைந்தார். 1892இல் அவர் வெளியிட்ட காந்தப் பின்னிடைவு விதி, மோட்டரைக் கட்டுமுன்பே அதன் இழப்பைத் தாளிலே கணிக்க உதவியது. 1922இல் சோவியத் மின்மயமாக்கத்துக்கு உதவ முன்வந்து அவர் எழுதிய கடிதத்துக்கு லெனின் பதில் எழுதினார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய அறிவு பெருங் கூட்டுமுயற்சி நிறுவனமொன்றின் சொத்தாயிருந்தது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

மோட்டரின் பெயர்த் தகட்டிலே பொறிக்கப்படும் வலு எதைக் குறிக்கிறது? அது மோட்டர் தரக்கூடிய உச்சமன்று. சுமை கேட்பதை மோட்டர் தரும். தகட்டிலுள்ளதைவிட அதிகமாகக் கேட்டாலும் சிறிதுநேரம் தரும். ஆனால் மின்னோட்டம் கூடும், அதன் வர்க்கத்திற்கேற்ப வெப்பம் கூடும், சுருளின் காப்பு கருகத் தொடங்கும். வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை உயருந்தோறும் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. ஆகவே தகட்டின் எண், அளவுக்கு மீறிச் சூடேறாமல் தொடர்ந்து பெறத்தக்க வேலையையே சொல்கிறது. சுமைகாரரிடம் கூலோம் தேடிய எண்ணும் இதுவேயன்றோ? ஒரு வேறுபாடு உண்டு. மோட்டரின் வரம்பைக் காப்பது அதன் உரிமையாளரின் நலன், ஏனெனில் கருகினால் நட்டம் அவருடையது. தொழிலாளியின் வரம்பைக் காக்க வேலைநாட் சட்டங்கள் வேண்டியிருந்தன. அவற்றுக்காகத் தொழிலாளர் அரை நூற்றாண்டு போராடவேண்டியிருந்தது.

நஸ்மித் என்ற பொறியியலாளர் 1852இல் தொழிற்சாலைப் பரிசோதகர் ஹோர்ணருக்கு எழுதிய கடிதத்தை மார்க்ஸ் மூன்றாம் பாகத்தில் எடுத்தாள்கிறார். அதே எடையுள்ள நீராவி இயந்திரங்களிலிருந்து முன்னையிலும் பாதிக்கு மேற்பட்ட மிகுதி வேலை பெறப்படுகிறது என்கிறது அக்கடிதம். இயந்திரத்தின் பெயர் மாறவில்லை, வேகம் மாறியது. அவ்வேகத்துக்கு ஈடுகொடுத்தவர்கள் தறிகளின் முன் நின்றவர்கள். நீராவி ஆலையிலே ஒரே இயந்திரம் நீண்ட அச்சுகளையும் தோற்பட்டிகளையும் கொண்டு எல்லாத் தறிகளையும் ஓட்டியதால், ஒவ்வொரு தறிக்கும் செல்லும் வலு எவ்வளவென்று எவருக்கும் தெரியாது. தனித்தனி மோட்டர் வந்தபோது தெரிந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்கு வலுவில் மின்மோட்டரின் பங்கு 1899இல் 5 சதவீதத்திலும் குறைவு. 1919இல் பாதிக்கு மேல். அப்பெயர்ச்சியோடு ஒவ்வொரு பொறியின் மின்னோட்டத்தையும் கண்காணிக்க முடிந்தது. எப்போது பொறி வெறுமனே ஓடுகிறது என்பதும் ஊசியில் தெரிந்தது. வெறுமனே நிற்பவர் யார் என்பதை அறிய அதிலிருந்து ஓரடிதான்.

இதனால் அளவை என்பதே வர்க்கச் சூழ்ச்சி என்று சிலர் முடிவுகட்டுவர். அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. பிரோனியின் தடுப்பு கொள்வோனுக்கும் விற்போனுக்கும் ஒரே விடையையே தருகிறது. பெயரளவுக் குதிரைவலுவின் பொய்மையை எங்கெல்ஸ் அம்பலப்படுத்தியதும் செம்மையான அளவையை வைத்தே. அளவை நடுநிலையானது, சமூகத்துக்கு அப்பாற்பட்டது என்போரும் அதே அளவு தவறுகின்றனர். எதை அளப்பது, எந்த நிலையில் அளப்பது, அளந்ததை எப்பெயரால் தகட்டிலே பொறிப்பது என்பவற்றை உராய்வுக் கட்டை தீர்மானிப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டங்களிலே துலா மிதித்து இறைத்த காலம்போய், முதலில் மண்ணெண்ணெய் இயந்திரமும் பின்னர் மின்மோட்டரும் வந்தன. நீரிறைப்பிலே பிறந்த இவ்வளவை, நீரிறைப்பின் மூலமே நம் கமக்காரரையும் வந்தடைந்தது. ஒரு குதிரைவலு எனத் தகட்டிலுள்ள மோட்டர், பத்து மீற்றர் ஆழத்திலிருந்து, இழப்பேதுமின்றி உயர்த்தக்கூடியது செக்கனுக்கு 7.6 லீற்றர். உண்மையில் வாய்க்காலில் விழுவது, இறைக்கும் பொறியின் இழப்பும் குழாயின் உராய்வும் போக, அதன் பாதியளவோ அதனிலும் குறைவோதான். நிரம்புவதற்கு எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு, கொள்ளளவு தெரிந்த தொட்டியொன்றை நிரப்பினால், எந்தக் கமக்காரரும் தம் மோட்டரின் தகட்டைத் தாமே சோதித்துவிடலாம்.